எரிஉலைப் புகை ‘வரம்புக்குள்’ இருந்தது என்றால்? – வாசகர் கேள்வி பதில்

போபால் யூனியன் கார்பைடு ஆலையில் நாற்பது ஆண்டாகக் கிடந்த நச்சுக் கழிவைப் பீதம்பூரில் எரித்து முடித்தது பற்றி இந்தப் பக்கத்தில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கழிவைப் பற்றியவை அல்ல, புகையைப் பற்றியவை. அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்ததால் சில கேள்விகளைச் சேர்த்திருக்கிறேன்.

‘புகையில் எல்லாமே வரம்புக்குள்தான் இருந்தது’ என்று அதிகாரிகளே சொல்லிவிட்டார்கள். அதற்கு அப்புறமும் எதற்குச் சந்தேகத்தைக் கிளப்புகிறீர்கள்?
– வாசகர், ஈரோடு

அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் எங்கும் எழுதவில்லை. ‘வரம்புக்குள்’ என்ற சொல்லுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்கிறேன், அவ்வளவுதான்.

நடந்தது இது. கழிவை நான்கு வாரத்துக்குள் அப்புறப்படுத்தச் சொல்லி 2024 டிசம்பரில் மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2025 ஜனவரி 1 இரவு 337 டன் கழிவு 12 கன்டெய்னர் லாரிகளில் போபாலிலிருந்து கிளம்பி, சுமார் 250 கிலோமீட்டர் தள்ளி இந்தூருக்குப் பக்கத்தில் இருக்கும் பீதம்பூருக்குப் போனது. அங்கே மக்கள் தெருவுக்கு வந்தார்கள், இரண்டு பேர் தீக்குளிக்கவே முயன்றார்கள். பிப்ரவரி கடைசியில் சோதனை ஓட்டம் தொடங்கியது. மணிக்கு 135 கிலோ, பிறகு 180, பிறகு 270 என்று மூன்று சுற்று, சுற்றுக்கு 10 டன். அந்த மூன்றிலும் புகை வரம்புக்குள் இருந்ததாக நீதிமன்றத்தில் சொன்னார்கள். மீதி 307 டன்னும் மணிக்கு 270 கிலோ வீதம் மே மாதம் தொடங்கி ஜூன் கடைசி வரை எரிந்தது.

இனி அந்த வரம்புக்கு வருவோம். நம் நாட்டில் அபாயகரக் கழிவு எரிஉலைகளுக்கான அளவுகளை மத்திய அரசு 2008 ஜூனில் அறிவித்தது. ஒரு கன மீட்டர் புகையில் தூசி 50 மில்லிகிராம், ஹைட்ரஜன் குளோரைடு 50, கந்தக டையாக்சைடு 200, பாதரசம் 0.05, குளோரின் சேர்ந்த கொடிய நச்சுப் பொருள்களான டயாக்சினும் ஃபியூரானும் சேர்ந்து 0.1 நானோகிராம் (ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமில் 100 கோடியில் ஒரு பங்கு). டயாக்சினைப் பொறுத்தவரை இது ஐரோப்பிய வரம்பேதான். தாளில் பார்த்தால் நம் விதியைக் குறை சொல்ல எனக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை.

சிக்கல் அளக்கும் விதத்தில் இருக்கிறது. தூசி, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் குளோரைடு போன்றவற்றைப் புகைபோக்கியில் பொருத்திய கருவி நாள் முழுக்க அளந்துகொண்டே இருக்கும். டயாக்சினுக்கு அப்படி ஒரு கருவி கிடையாது. ஆட்கள் புகைபோக்கி மேல் ஏறி, குழாயைச் செருகி, எட்டு மணி நேரம் புகையை உறிஞ்சி, அதை ஆய்வகத்துக்கு அனுப்பி, முடிவுக்குக் காத்திருக்க வேண்டும். அவர்கள் வரும் நாள் ஆலைக்கு முன்கூட்டியே தெரியும், அன்றைக்கு உலையும் ஒழுங்காகத்தான் எரியும். எட்டு மணி நேரம் அளந்தது உண்மையாகவே இருக்கட்டும். மற்ற நேரங்களில் உலை எப்படி ஓடியது என்பதற்கு வேறு ஆதாரம் வேண்டும், அதைத்தான் கேட்கிறேன்.

1100 டிகிரி சூட்டில் எந்த விஷமும் மிஞ்சாது என்று வேதியியல் ஆசிரியர் சொன்னார். அப்படியானால் டயாக்சின் எங்கிருந்து வருகிறது?
– கல்லூரி மாணவி, கோவை

டயாக்சினைப் பொறுத்தவரை உங்கள் ஆசிரியர் சொன்னது சரிதான். நெருப்பில் அழிகிறது. ஆனால் நெருப்பைத் தாண்டிய பிறகு புதிதாக உருவாகிறது.

உலைக்குள் நடப்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்த்தால் புரியும். கழிவு முதலில் மெதுவாகச் சுழலும் ஒரு பெரிய உருளைக்குள் போகிறது. அங்கே எரிந்து கிளம்பும் வாயு இரண்டாவது அறைக்குப் போகிறது. கழிவில் குளோரின் போன்ற ஹாலஜன் சேர்ந்த கரிமப் பொருள் 1 சதவீதத்துக்கு மேல் இருந்தால் இந்த அறையில் 1100 டிகிரியாவது இருக்க வேண்டும், வாயு அதற்குள் 2 நொடியாவது தங்க வேண்டும் என்பது விதி. இதுவரை நல்லது. அடுத்து அந்த வாயுவைக் குளிர்வித்தாக வேண்டும், ஏனென்றால் 1100 டிகிரி வாயுவை எந்த வடிகட்டிப் பையும் தாங்காது. குளிரும்போது அது ஏறக்குறைய 450 டிகிரியிலிருந்து 200 டிகிரி வரை இறங்கும் கட்டத்தைக் கடக்கிறது. அங்கேதான் ஆபத்து. சாம்பல் தூசியில் ஒட்டியிருக்கும் கரி, குளோரின், செம்பு போன்ற உலோகத் துகள் எல்லாம் சேர்ந்து டயாக்சினைக் கட்டி எழுப்புவது இந்தச் சூட்டில்தான்.

அதனால்தான் நல்ல ஆலையில் தண்ணீரைப் பீய்ச்சி வாயுவை ஒரே மூச்சில் குளிரவைப்பார்கள், அந்த இடைப்பட்ட சூட்டில் அது தங்கவே கூடாது. பிறகு சுண்ணாம்புத் தூள், நச்சை ஈர்த்துக்கொள்ளும் ஆக்டிவேட்டட் கார்பன் என்ற கரித் தூள் தூவி, பை வடிகட்டியில் பிடித்து, கடைசியாகக் காரத் தண்ணீரில் கழுவி மேலே விடுவார்கள். இந்த வரிசையில் எது சறுக்கினாலும் போச்சு. கரித் தூள் தீர்ந்துபோனதைக் கவனிக்காமல் விட்டாலோ, பையில் ஒரு கிழிசல் விழுந்தாலோ, கரண்டு போய் உலை ஆறிப்போய் மறுபடி பற்றவைத்தாலோ வெளியே வரும் டயாக்சின் பல மடங்கு ஏறலாம்.

நெதர்லாந்தின் ஹார்லிங்கன் ஊரில் இதைக் கண்ணால் பார்த்தார்கள். அது நகராட்சிக் குப்பையை எரிக்கும் புதிய ஆலை. வழக்கமான சில மணி நேரப் பரிசோதனைகளில் அது தேறியது. சுற்றுவட்டாரத்துத் தோட்டக் கோழிகளின் முட்டையில் டயாக்சின் கூடுதலாக இருப்பது தெரிந்த பிறகு, வாரக்கணக்கில் தொடர்ந்து மாதிரி எடுக்கும் கருவியைப் பொருத்தினார்கள். உலையை நிறுத்தும்போதும் மறுபடி கிளப்பும்போதும் எவ்வளவு வெளியேறுகிறது என்பது அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தது. பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் இப்படித் தொடர் மாதிரி எடுப்பது 2000-ஐ ஒட்டியே கட்டாயமாகிவிட்டது. நம் ஊரில் இதைக் கட்டாயமாக்க என்ன தடை என்று எனக்கு இன்றுவரை யாரும் விளக்கவில்லை.

0.1 நானோகிராம் என்பது கண்ணுக்கே தெரியாத அளவு. இதற்குப் போய் இவ்வளவு அலட்டிக்கொள்ள வேண்டுமா?
– வாசகர், திருநெல்வேலி

அளவு சின்னதுதான். ஒரு கிராம் டயாக்சினை 1000 கோடி கன மீட்டர் காற்றில் கலந்தால் வருவது இந்த 0.1 நானோகிராம். ஆனால் இந்தப் பொருள் சிதையாது, கொழுப்பில் போய்த் தங்கும், ஏறிக்கொண்டே போகும். புகையிலிருந்து நேராக மூச்சில் போவது குறைவு. அது புல்லில் படியும், மண்ணில் படியும், மாடு மேயும், கோழி கிளறும், பால், முட்டை, மீன் வழியாக நம்மிடம் வரும். மனித உடலுக்குள் போவதில் 90 சதவீதத்துக்கு மேல் உணவு வழியாகத்தான். ஒரு மனிதர் தாங்கக்கூடிய அளவாக 2001-இல் உலக நிபுணர் குழு சொன்னது உடல் எடையில் ஒரு கிலோவுக்கு மாதம் 70 பிகோகிராம், அதாவது ஒரு நானோகிராமில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் அதை இன்னும் இறக்கி வாரத்துக்கு 2 பிகோகிராம் என்றது. அதனால் ஆலையைச் சுற்றி உள்ள முட்டையையும் பாலையும் சோதிப்பது புகையைச் சோதிப்பதற்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை.

337 டன்னை எரித்தால் 850 டன்னுக்கு மேல் சாம்பல் வந்ததாகப் படித்தேன். அச்சுப் பிழையா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

பிழை இல்லை ஐயா. இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு உங்களுக்கு நன்றி, ஏனென்றால் எரிப்பதைப் பற்றி நம் மனத்தில் இருக்கும் படமே தப்பு என்பதை இந்த ஒரு எண் காட்டிவிடுகிறது.

அந்தக் கழிவில் ஏறக்குறைய பாதி, தோண்டியெடுத்த மண். மண் எரியாது. மீதிதான் செவின் பூச்சிமருந்தின் மிச்சம், நாஃப்தால், பாதி தயாரான பூச்சிமருந்து, உலைக்கலனில் தங்கிய கசடு. எரியும்போது கிளம்பும் அமிலத்தை முறிக்கச் சுண்ணாம்பை ஏராளமாகக் கொட்ட வேண்டியிருந்தது. அந்தச் சுண்ணாம்பு, கார்பன் தூள், அமிலமும் சுண்ணாம்பும் சேர்ந்து உண்டான உப்பு எல்லாம் கடைசியில் சாம்பல் கணக்கில்தான் சேரும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நெருப்பு மூலக்கூறை உடைக்கும், தனிமத்தை உடைக்காது. பாதரசமும் ஈயமும் உள்ளே போனால் புகையில் வரும், அல்லது வடிகட்டியில் சிக்கிச் சாம்பலில் வரும். புகையை எவ்வளவு சுத்தமாகப் பிடிக்கிறோமோ, சாம்பல் அவ்வளவு விஷமாகும். அப்படியானால் புகைக்கு விதி போட்டவர்கள் சாம்பலையும் அதே கண்டிப்போடு பார்த்தாக வேண்டும். அந்தச் சாம்பலை எங்கே புதைப்பது என்பது எரித்து முடித்த பிறகும் உயர் நீதிமன்றத்தில் கேள்வியாகவே வந்து நின்றது. இத்தனைக்கும் இது கிடங்கில் மூட்டை கட்டி வைத்திருந்த கழிவு மட்டும்தான். ஆலை வளாகத்திலும் சுற்றுப்புறத்திலும் மாசுபட்ட மண் சுமார் 11 லட்சம் டன் இருக்கும் என்று தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனமான நீரியின் 2010 ஆய்வு கணக்கிட்டது.

அமெரிக்காவில் 99.99 சதவீதம் அழிக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறதாமே? நாமும் அப்படியே எடுத்துக்கொண்டால் தீர்ந்தது இல்லையா?
– பொறியாளர், ஓசூர்

அந்த எண்ணைப் பார்த்து நிறையப் பேர் மயங்குகிறார்கள். அது 1980-களின் தொடக்கத்தில் வந்த விதி. உள்ளே போட்ட ஒரு ரசாயனத்தில் 99.99 சதவீதம் புகைபோக்கி வழியாக வெளியேறாமல் இருக்க வேண்டும், டயாக்சின் சேர்ந்த கழிவுக்கு 99.9999 சதவீதம். ஒரு டன் போட்டால் முதல் கணக்கில் 100 கிராம் வெளியே போகலாம், இரண்டாவதில் 1 கிராம். கவனியுங்கள், இது நாம் போட்ட ரசாயனத்துக்கு மட்டுமான கணக்கு. வழியில் புதிதாக உண்டானது இந்தக் கணக்கில் வராது. சாம்பலில் தங்கியதோ அழிந்ததாகவே எண்ணப்படும்.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் 1999-இல் அவர்களின் சுற்றுச்சூழல் முகமை டயாக்சின், பாதரசம், தூசி எல்லாவற்றுக்கும் தனித்தனி வரம்பு கொண்டுவந்தது. ஏற்கெனவே ஓடும் உலைகளில் மிகச் சிறப்பாக ஓடும் 12 சதவீதம் எதைச் சாதிக்கிறதோ அதன் சராசரியாவது மற்ற எல்லோருக்கும் வரம்பாக வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் அடிப்படை. முகமை அந்தக் கணக்கைச் சரியாகப் போடவில்லை என்று 2001-இல் நீதிமன்றம் விதியை ரத்து செய்தது. 2002-இல் இடைக்கால விதி வந்து, 2005-இல்தான் முழு விதி வந்தது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது சதவீதத்தை அல்ல, வேறு ஒன்றை. டயாக்சினை எந்நேரமும் அளக்க முடியாது என்று அவர்கள் ஒப்புக்கொண்டு, அளக்க முடிந்ததைப் பிடித்துக்கொண்டார்கள். சோதனை நாளில் உலை எந்தச் சூட்டில், மணிக்கு எத்தனை கிலோ கழிவோடு ஓடித் தேறியதோ, அந்த எண்களே அடுத்த சோதனை வரை ஆலைக்குச் சட்டம். சூடு அதற்குக் கீழே இறங்கினாலோ, கார்பன் மோனாக்சைடு ஏறினாலோ, கழிவு உள்ளே போகும் வாய் தானாகவே மூடிக்கொள்ள வேண்டும், ஆளின் கையை எதிர்பார்க்கக் கூடாது. எத்தனை முறை மூடியது என்பதும் பதிவாக வேண்டும். எனக்கு இதுதான் மொத்த விதியிலும் மிகப் பிடித்த பகுதி.

அங்கும் எல்லாம் ஒழுங்கு என்று நினைத்துவிட வேண்டாம். உலையைக் கிளப்பும் நேரம், நிறுத்தும் நேரம், கோளாறு நேரம் ஆகியவற்றுக்கு வரம்பிலிருந்து விலக்கு இருந்தது. விதி எல்லா நேரத்துக்கும் பொருந்த வேண்டும், இப்படிப் பொதுவாக விலக்குக் கொடுப்பது செல்லாது என்று 2008-இல் நீதிமன்றம் சொன்னது. அபாயகரக் கழிவு உலைகளுக்கான விதியிலிருந்து அந்த விலக்கை எடுத்துவிடலாம் என்று முகமை முன்மொழிந்ததோ 2024 ஜூலையில். பதினாறு வருடம்.

ஆன்லைனில் காட்டும் அளவைக் காற்றை அதிகமாகக் கலந்து குறைத்துக் காட்டலாமாமே, உண்மையா?
– அதே ஓசூர் வாசகரின் இரண்டாவது கேள்வி

மோரில் தண்ணீர் ஊற்றினால் உப்பு குறைந்ததுபோல் தெரியும், அந்த வேலைதான். அதைத் தடுக்க விதியிலேயே வழி இருக்கிறது. எல்லா அளவையும் 11 சதவீத ஆக்சிஜனுக்கு மாற்றிச் சொல்ல வேண்டும். கருவி தூசி 40 மில்லிகிராம் என்று காட்டுகிறது, அதே நேரம் புகையில் ஆக்சிஜன் 16 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். அந்த 21-இலிருந்து 11 போனால் 10, 21-இலிருந்து 16 போனால் 5, பத்தை ஐந்தால் வகுத்தால் 2. ஆக உண்மை அளவு 80 மில்லிகிராம், 50 என்ற வரம்பைத் தாண்டியாகிவிட்டது. எனவே திரையில் எந்த எண்ணைப் பார்த்தாலும் பக்கத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பாருங்கள், திருத்திய அளவா திருத்தாத அளவா என்று கேளுங்கள்.

சிமென்ட் ஆலைகளிலேயே கழிவைப் போட்டு எரிக்கலாம் என்கிறார்களே?
– வாசகர், அரியலூர்

சூட்டைப் பொறுத்தவரை சிமென்ட் சூளை நல்ல இடம்தான், உள்ளே பொருளே 1450 டிகிரி வரை போகிறது, சுண்ணாம்பும் அங்கேயே இருக்கிறது, சாம்பலும் கிளிங்கரோடு (அரைத்தால் சிமென்ட் ஆகும் கட்டி) சேர்ந்துவிடும். ஆனால் பாதரசம் கிளிங்கரில் தங்காது, ஆவியாகிப் போய்விடும். அதனால் பாதரசம் உள்ள கழிவை அங்கே வாசலிலேயே திருப்பி அனுப்ப வேண்டும். கழிவை எரிக்கும் சூளைகளுக்கு 2016-இல் தனி வரம்புகள் வந்திருக்கின்றன. உங்கள் ஊர்க்காரர்கள் கேட்க வேண்டியது, லாரியில் வருவதைச் சூளைக்குப் போடும் முன் யார் சோதிக்கிறார்கள், அந்தப் பதிவேடு எங்கே என்பதுதான்.

எரிக்காமல் ஒழிக்க வழியே கிடையாதா?
– வாசகி, புதுச்சேரி

உண்டு. எல்லாக் கழிவுக்கும் இல்லை. அமெரிக்க ராணுவம் தன் ரசாயன ஆயுதங்களில் பெரும்பகுதியை எரித்துத்தான் அழித்தது. ஆனால் கொலராடோவின் புவெப்லோவிலும் கென்டக்கியின் புளூ கிராஸிலும் சுற்றுவட்டார மக்கள் எரிஉலையே வேண்டாம் என்று விடாமல் நின்றார்கள். அங்கே இருந்ததில் பெரும்பகுதியை வெந்நீராலும் காரத்தாலும் முறித்து அழித்தார்கள், 2023-இல் வேலை முடிந்தது. அதிகக் காலம் ஆனது, அதிகச் செலவும் ஆனது. ஆனாலும் முடிந்தது. நம் நாட்டில் போபால் கழிவுக்கு அங்கலேஷ்வர், நாக்பூர், ஜெர்மனி என்று இடம் தேடி, ஒவ்வோர் இடத்திலும் எதிர்ப்பு வந்து திரும்பினோமே தவிர, எரிக்காமல் செய்ய முடியுமா என்ற கேள்விக்குப் போதிய நேரம் கொடுக்கவில்லை என்பது என் கருத்து.

எங்கள் கிராமத்துக்கு ஒரு கிலோமீட்டரில் பொது மருத்துவக் கழிவு ஆலை இருக்கிறது. ராத்திரி ஆனால் கறுப்புப் புகை, நாற்றம். போய்க் கேட்டால் ‘எல்லாம் ரூல்படி’ என்கிறார்கள். என்ன செய்வது, யாரிடம் போவது?
– பெயரும் ஊரும் வேண்டாம் என்று எழுதிய வாசகி

அம்மா, உங்கள் கடிதத்துக்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல ஆசை.

முதலில் புகை எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். உயரமான புகைபோக்கி ஒன்று இருக்கும், 30 மீட்டராவது இருக்க வேண்டும். வடிகட்டியில் கழுவிய புகை வருவது அதிலிருந்துதான். அதில் வெள்ளையாகக் கிளம்பி உடனே கரைந்துபோனால் பெரும்பாலும் நீராவி. உலைக்கு நேர் மேலே குட்டையாக இன்னொரு குழாய் இருக்கலாம், அது அவசரத்துக்குத் திறப்பது. அதன் வழியாக வருவது வடிகட்டப்படாத புகை. கறுப்புப் புகை அந்தக் குட்டைக் குழாயிலிருந்து வருகிறது என்றால் அதைப் படம் பிடியுங்கள், தேதி, நேரம், காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். பக்கத்து வீட்டாரும் தனியாக எழுதட்டும். தினமும் இரவில்தான் என்றால் அதுவே பெரிய ஆதாரம், அவசரம் தினமும் ஒரே நேரத்தில் வராது.

மருத்துவக் கழிவுக்குத் தனியாக 2016 விதிகள் இருக்கின்றன. உலையின் முதல் அறையில் குறைந்தது 800 டிகிரி, இரண்டாவதில் சுமார் 1050, வாயு 2 நொடி தங்க வேண்டும், தூசி 50 மில்லிகிராம், டயாக்சின் 0.1 நானோகிராம். டயாக்சின் சோதனை வருடத்துக்கு ஒருமுறை. குளோரின் கலந்த பிளாஸ்டிக்கை உலையில் போடவே கூடாது. எரித்த பதிவேடுகளை ஐந்து வருடம் வைத்திருக்க வேண்டும், ஆண்டறிக்கையை இணையதளத்தில் போட வேண்டும். ‘ரூல்படி’ என்று அவர்கள் சொன்னது இந்த ரூலைத்தான்.

அடுத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு எழுத்தில் புகார் கொடுத்து, முத்திரை வைத்த நகலை வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமை மனு ஒன்று. ‘புகை அளவு என்ன’ என்று பொதுவாகக் கேட்டால் ஒற்றை வரியில் ‘வரம்புக்குள்’ என்று வரும். ஆகவே துல்லியமாகக் கேளுங்கள். ஆலைக்குக் கொடுத்த இயக்க இசைவாணையின் நகல். கடைசி டயாக்சின் சோதனை எந்தத் தேதியில், எத்தனை மணி நேரம், அன்று மணிக்கு எத்தனை கிலோ கழிவு போட்டார்கள். நீங்கள் புகை பார்த்த அந்தந்த இரவுகளில் இரண்டாவது அறையின் சூடு மணிவாரியாக எவ்வளவு. அவசரக் குழாய் எத்தனை முறை திறந்தது, ஏன். சாம்பல் எந்த லாரியில் எங்கே போனது. பெரிய ஆலைகளின் தொடர் அளவீடுகள் சென்னை கிண்டியில் வாரியத்தின் கேர் ஏர் மையத்துக்கு வருகின்றன, உங்கள் ஆலை அதில் இணைந்திருக்கிறதா, எந்த நாட்களில் தொடர்பு அறுந்திருந்தது என்பதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும்.

இரண்டாவது அறையின் சூட்டுப் பதிவைத்தான் நீங்கள் விடாமல் கேட்க வேண்டும். டீசலை மிச்சம் பிடிக்க உலையைச் சரியாகச் சூடேற்றாமல் கழிவைப் போட்டிருந்தால், எட்டு மணி நேரச் சோதனை காட்டாததை அந்தப் பதிவு காட்டிக்கொடுத்துவிடும். அது கையில் இல்லாமல் டயாக்சின் அறிக்கை மட்டும் வந்தால் திருப்தி அடையாதீர்கள்.

பதில் வராவிட்டாலோ வந்த பதிலில் ஓட்டை இருந்தாலோ, சென்னையில் இருக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குப் போகலாம். ஒரு எச்சரிக்கை மட்டும். பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும், தக்க காரணம் சொன்னால் மேலும் 60 நாள் தருவார்கள். நிறையப் பேர் வாரியத்தின் பதிலுக்காகக் காத்திருந்தே அந்தக் காலத்தைக் கோட்டைவிடுகிறார்கள். எனவே வாரியத்துக்குப் புகார் கொடுத்த அதே வாரத்தில் ஒரு வழக்கறிஞரையும் பார்த்துவிடுங்கள். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு இலவசமாகவே வழக்கறிஞர் ஏற்பாடு செய்வார்கள், வருமானச் சான்று கேட்க மாட்டார்கள்.